பத்தியமும் பசியும்: ஈரல் நோயாளியின் உணவு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

அரபு மொழியில் ‘இஸ்திஸ்கா’ என்றொரு சொல் உண்டு. நீர் வேண்டி நிற்றல் என்பது அதன் நேர்ப்பொருள். மழை பொய்த்த காலத்தில் ஊரார் திடலில் ஒன்றுகூடித் தொழும் மழைத் தொழுகைக்கு அதுவே பெயர். இந்தப் பொருள் நம்மவர் பலருக்குத் தெரியும். அரபு மருத்துவ நூல்களிலே இதே சொல் ஒரு நோயின் பெயராகவும் வருகிறது. வயிற்றில் நீர் கோத்து, வயிறு பானைபோலப் பெருத்து, கையும் தோளும் மெலிந்து போகும் நோய் அது. தமிழ் வைத்தியர்கள் மகோதரம் என்றும் பெருவயிறு என்றும் சொன்னது இதைத்தான். வயிறு நிறைய நீர் இருக்க, நோயாளி மேலும் மேலும் தண்ணீர் கேட்பார் என்பதால் இப்பெயர் வந்தது என்பர்.

இந்த நோயை நூல்களில் படிப்பதற்கு முன்னரே நான் எங்கள் வீட்டில் கண்டுவிட்டேன். என் வாப்பா பருத்தித்துறைச் சந்தைக்குக் கிட்ட ஒரு சிறிய தையற்கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து விடிய பஸ் ஏறி, பொழுதுபட வீடு திரும்புவார். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, எங்கள் சமூகம் முழுவதும் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது அந்தக் கடையும் தையல் மெசினும் இங்கேயே நின்றுவிட்டன. எனக்கு அப்போது பத்து வயது. புத்தளத்து அகதி வாழ்வு, நிவாரண அரிசி, மா, சீனி, பருப்பு, பிறகு வாப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று இருபது வருடங்கள் போயின. போர் ஓய்ந்தபின் திரும்பி வந்தோம். நான் இப்போது படிப்பிக்கும் பாடசாலை பருத்தித்துறையில்தான் இருக்கிறது. வாப்பாவின் கடை இருந்த இடத்தைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் போகிறேன்.

2014இல் வாப்பாவுக்கு ஈரல் இறுகிவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். ‘சிரோசிஸ்’ என்றார்கள். வயிற்றில் நீர் கட்டியது. ஒருமுறை புத்தி தடுமாறி, உம்மாவை ஆர் என்று கேட்டார். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு விடும்போது ஒரு துண்டில், புரதம் குறைக்கவும், உப்பு குறைக்கவும் என்று எழுதித் தந்தார்கள். நாங்கள் மீனை நிற்பாட்டினோம். முட்டையை, இறைச்சியை, பருப்பை, பாலைக் கூட நிற்பாட்டினோம். காலையும் மதியமும் இரவும் உப்பில்லாத கஞ்சிதான். “மகன், ஒரு துண்டு மீன் தாங்கோவன்” என்று கேட்பார். “வருத்தம் கூடிப்போகும் வாப்பா” என்பேன். ஏழு மாதத்தில் தோள் எலும்பு துருத்திக்கொண்டு நிற்க, வாப்பா மௌத்தானார்.

மீன் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. முற்றிய ஈரல் நோய் அவ்வளவு இலகுவில் விடுவதில்லை. ஆனால் அந்தப் பட்டினி தேவைதானா என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே வந்தது. நான் வைத்தியன் அல்லன், தமிழ் படித்தவன். நூலைத் தேடிப் போவதுதான் எனக்குத் தெரிந்த வழி. அப்படித் தேடியதில் கிடைத்தவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

முன்னோர் கொடுத்த உணவு

‘அல்கானூன்’ எழுதிய இப்னு ஸீனா (980–1037) இஸ்திஸ்கா நோயை மூன்றாகப் பிரித்தார். உடல் முழுதும் ஊதுவது லஹ்மீ. லஹ்ம் என்றால் தசை. வயிறு நீர் நிறைந்த தோற்பை போலக் குலுங்குவது ஸிக்கீ. தட்டினால் முரசுபோல ஒலிப்பது தப்லீ. தப்ல் என்பது முரசு. இந்நோயின் வேர் ஈரலில் இருக்கிறது என்று அந்த மரபினர் கருதினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போன இந்நூல் பல நூறு வருடம் ஐரோப்பாவின் பாடநூலாக இருந்தது.

இம்மரபு இலங்கைக்கும் வந்தது. பிரித்தானிய ஆட்சியின் தொடக்கத்தில் இங்கே பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், இலங்கை முஸ்லிம் வைத்தியர்களிடம் அரபு மருத்துவ நூல்கள் வழங்கிவந்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். மீரா லெப்பை மேஸ்திரியார் என்ற வைத்தியர் சுதேச வைத்தியப் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்ததும் அவர் வழியாக நாம் அறிவதே. தமிழ்ச் சித்தர் மரபிலோ, இராமதேவர் மக்கா சென்று யாக்கோபு ஆனார் என்ற கதை உண்டு. அவர் பெயரில் வைத்திய நூல்களும் வழங்குகின்றன. மருந்துப் பெட்டிக்குள் மதச் சுவர் எழுப்பாத காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இவை சாட்சி.

நோயாளியின் உணவு என்றதும் நமக்கு நினைவு வரவேண்டியது தல்பீனா. வாற்கோதுமை மாவைப் பாலோ தேனோ சேர்த்துக் காய்ச்சும் கஞ்சி அது. லபன், அதாவது பால் என்ற சொல்லடியாகப் பிறந்த பெயர். நோயாளிக்கும் துயருற்றவருக்கும் இது ஆறுதல் தரும் என்று நபிகளார் (ஸல்) கூறியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறுகிறது. கஞ்சி என்ற பெயர் ஒன்றாயினும், எங்கள் வீட்டில் வாப்பாவுக்குக் கொடுத்த வெறும் அரிசித் தண்ணீரும் இதுவும் ஒன்றல்ல. ஏன், நாம் நோன்பு திறக்கக் காய்ச்சும் கஞ்சியையே பாருங்கள். அரிசியோடு பயறு, தேங்காய்ப்பால், இறைச்சி எல்லாம் சேர்ந்துதான் அது கஞ்சியாகிறது. பசித்த உடம்புக்கு எது வேண்டும் என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

ஆயுர்வேதத்தின் சரக சம்ஹிதை பெருவயிற்று நோயாளியின் நீரை இறக்கியபின் ஆறு மாதம் பாலையே உணவாகக் கொடுக்கச் சொல்கிறது. அதன்பின்னும் பாலில் காய்ச்சிய கஞ்சி, உப்பில்லாமல். இதில் இரண்டு செய்திகள் உள்ளன. உப்பைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது ஒன்று. உப்பு உடலில் நீரைத் தேக்கிவைக்கும் என்பதால் இன்றைய மருத்துவமும் அதை ஏற்கிறது. பாலை நிறுத்தவில்லை என்பது மற்றது. பத்தியம் என்ற சொல்லுக்கே உடலுக்கு இதமானது என்றுதான் பொருள். காலப்போக்கில் நம் வீடுகளில் அது ‘சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியல்’ என்று சுருங்கிவிட்டது. சாப்பிட வேண்டியவை எவை என்ற பாதியை நாம் தொலைத்துவிட்டோம்.

யாழ்ப்பாணத்துக்கு மேல்நாட்டு மருத்துவம் தமிழிலேயே வந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். ‘அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ சுகரணம்’ முதலான நூல்கள் அவரும் அவர் மாணவரும் தமிழுக்குக் கொணர்ந்தவை. நோயாளிக்கு விளங்கும் மொழியில் வைத்தியன் பேசவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. வாப்பாவின் துண்டில் இருந்த ‘புரதம் குறைக்கவும்’ என்ற இரண்டு சொல்லை நாங்கள் எப்படி விளங்கிக்கொண்டோம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கிறீனின் ஞாபகம் வரும். எவ்வளவு குறைப்பது, எத்தனை நாளைக்கு என்று ஒரு வசனம் கூட இருந்திருந்தால்!

நாய்களிடமிருந்து மனிதருக்கு

புரதம் எப்படிக் குற்றவாளியாயிற்று? 1877இல் ரஷ்யாவில் நிக்கொலாய் எக் என்ற சத்திரசிகிச்சையாளர், குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் இரத்தத்தை ஈரலைத் தொடாமல் வேறு வழியாகத் திருப்பும் அறுவையை நாய்களில் செய்துபார்த்தார். 1893இல் பாவ்லோவும் அவர் சகாக்களும் அதையே தொடர்ந்தார்கள். அப்படி அறுக்கப்பட்ட நாய்கள் இறைச்சி தின்றதும் தள்ளாடின, பார்வை மங்கின, மயங்கி விழுந்தன. புரதம் செரிக்கும்போது உண்டாகும் அமோனியா முதலிய நச்சுகளை ஈரல் சுத்திகரிக்கும். ஈரலைச் சுற்றிக்கொண்டு போன இரத்தம் அந்த நச்சை மூளைக்கே கொண்டுபோகும். வாப்பா உம்மாவை ஆர் என்று கேட்டதன் காரணமும் இதுதான்.

ஆனால் மனிதரில் முதலில் வேறொரு வழி தோன்றியது. நியூயோர்க்கில் ஆர்தர் பாட்டெக் என்ற வைத்தியர் 1930களிலிருந்து சிரோசிஸ் நோயாளருக்கு இறைச்சி, பால், முட்டை, ஈஸ்ட் என்று சத்துள்ள உணவைத் தாராளமாகக் கொடுத்தார். 1941இல் அவரும் போஸ்ற் என்பவரும் வெளியிட்ட முடிவுகளில், முன்னைய நோயாளரைவிட இவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று காட்டினார்கள்.

பிறகு 1950களில் காற்று மாறியது. 1954இல் லண்டனில் ஷீலா ஷேர்லொக் (1918–2001) குழுவினர், ஈரல் நோயில் புத்தி தடுமாறும் நிலையை விரிவாக விபரித்தார்கள். புரதத்தைக் குறைத்தபோது சிலருக்குத் தெளிவு வந்தது. கடும் மயக்க நேரத்துக்கான அந்தக் கட்டுப்பாடு, மெல்ல மெல்ல எல்லா ஈரல் நோயாளிக்கும் எல்லா நாளைக்குமான விதியாகப் பரவியது. பாடநூலில் ஏறியது வாட்டுக்கு வந்தது, வாட்டிலிருந்து துண்டில் ஏறி எங்கள் குசினிக்கு வந்தது.

இன்னொரு சிறிய செய்தியும் உண்டு. ஈரல் நோய் எவ்வளவு முற்றிவிட்டது என்று அளக்க 1964இல் சைல்ட், ரேர்கொட் என்ற இருவர் ஐந்து குறிகளை வைத்தார்கள். நோயாளியின் போசாக்கு நிலை அவற்றில் ஒன்று. 1973இல் பியூ என்பவர் அதைத் திருத்தியபோது போசாக்கை எடுத்துவிட்டு, இரத்தம் உறையும் நேரத்தைச் சேர்த்தார். எண்ணால் அளக்கக் கூடியது என்பதால் அது வசதியானது. இன்றும் உலகெங்கும் பயன்படும் அளவுகோல் அதுதான். நோயாளி மெலிந்துபோகிறார் என்ற கண்ணுக்குத் தெரிந்த உண்மை அந்த அட்டவணையிலிருந்து போய்விட்டது.

திருத்தம்

2004இல் பார்சிலோனாவில் கோர்டோபா என்ற வைத்தியரின் குழு நேராகவே சோதித்துப் பார்த்தது. புத்தி தடுமாறி வந்த 30 ஈரல் நோயாளரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு முதலில் புரதத்தை நிறுத்திப் பின் படிப்படியாகக் கூட்டினார்கள். மற்றவர்களுக்குத் தொடக்கம் முதல் வழமையான அளவு கொடுத்தார்கள். தெளிவு திரும்புவதில் இரு பகுதியினருக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. புரதம் நிறுத்தப்பட்டவர்களின் உடம்பு மட்டும் தன் தசையைத் தானே கூடுதலாகக் கரைத்தது. தசையும் அமோனியாவை அகற்ற உதவும் உறுப்பு. தசை போனால் அந்தக் காவலும் போகிறது. அப்படியானால் நாங்கள் எதைத் தடுக்க நினைத்து மீனை நிறுத்தினோமோ, அதற்கே வழி திறந்துவிட்டிருக்கலாம்.

வாப்பா நோயில் விழுந்தது 2014இல். இடையில் பத்து வருடம். பார்சிலோனாவிலிருந்து அந்தச் செய்தி எங்கள் வீட்டுக் குசினிக்கு வந்துசேர அந்தக் காலம் போதவில்லை.

இன்றைய ஐரோப்பிய ஈரல் சங்கத்தின் வழிகாட்டல் சொல்வது இதுதான்: உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றில் குறைந்தது 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம். (வயிற்று நீரின் பாரத்தைக் கழித்துவிட்டே நிறையைக் கணக்கிட வேண்டும்.) 60 கிலோ ஆளுக்கு 2100 கலோரியும் 72 முதல் 90 கிராம் வரை புரதமும் வேண்டும். நான் ஒரு நாள் வாப்பாவின் கஞ்சியைக் கணக்குப் பார்த்தேன். ஒரு கோப்பைக்கு 30 கிராம் அரிசி. அதில் ஏறக்குறைய இரண்டு கிராம் புரதம். மூன்று நேரமும் சேர்த்து ஆறு. தேவையின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இன்னொன்று, இரவு. நல்ல ஈரல் பகலில் மாச்சத்தைச் சேமித்து வைத்து இரவில் உடம்புக்குக் கொடுக்கும். இறுகிய ஈரலுக்கு அந்தச் சேமிப்பு அறை சிறுத்துப் போகிறது. 1980களின் ஆய்வுகள் ஓர் உண்மையைக் காட்டின. ஒரு சிரோசிஸ் நோயாளி ஓரிரவு சாப்பிடாமல் கிடப்பது, சுகதேகி இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். அதனால் படுக்கப்போகுமுன் ஏதாவது சாப்பிடுவது நல்லது. 2008இல் நியூசிலாந்தின் ஓக்லண்டில் வெளியான ஆய்வொன்றில், இரவில் மேலதிகச் சத்துணவு எடுத்தவர்களுக்கு ஒரு வருடத்தில் தசை கூடியது. அதே உணவைப் பகலில் எடுத்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை.

நம்மிடம் வரவேண்டிய இரண்டு தெளிவுகள்

முதலாவது, நோன்பு. எங்கள் நாட்டில் நோன்பின் பகல் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல். நோயாளிக்கு விலக்களிக்கும் இடம் அல்பகறா அத்தியாயத்திலேயே, நோன்பு கடமையாக்கப்பட்ட வசனங்களுக்குள்ளேயே இருக்கிறது. இருந்தும் கடைசி ரமழானில் வாப்பா பிடிவாதமாக எட்டு நோன்பு பிடித்தார். ஒன்பதாம் நாள் மயங்கி விழுந்தார். “சனம் என்ன சொல்லும்” என்பதுதான் அவருடைய கவலை. சலுகை தந்தவன் அல்லாஹ். அதை ஏற்க வெட்கப்படவைத்தது ஊர். பள்ளிவாசல்களில் ரமழானுக்கு முன் ஒரு ஜும்ஆவிலாவது, சீனி வருத்தம், ஈரல், சிறுநீரக நோயாளர் வைத்தியரையும் ஆலிமையும் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இரண்டாவது, அந்த ‘சனம்’. ஈரல் நோய் என்றதும் குடிதான் என்று முடிவுகட்டுகிறார்கள். வாப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனாலும் ஜனாஸா வீட்டில் ஒருவர் என் காதில், “உள்ளுக்குள்ள பழக்கம் இருந்ததோ மாஸ்ரர்?” என்று கேட்டார். குடிக்காதவருக்கும் ஈரலில் கொழுப்பு படிந்து அது இறுகலாம் என்பதை 1980இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லுட்விக் பெயரிட்டு விபரித்தார். சீனி வருத்தமும் உடற்பருமனும் அதன் கூட்டாளிகள். 2009இல் வெளியான ராகமை ஆய்வு, நகர்ப்புற நடுவயதினரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இத்தகைய கொழுப்பு ஈரல் இருப்பதைக் காட்டியது. அவர்களில் பெரும்பாலோர் சிரோசிஸ் வரை போவதில்லை. ஆனால் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் தொழுகையாளிகளும் இருக்கிறார்கள். அவமானத்துக்குப் பயந்து நோயை மறைத்தால் ஒரு நல்ல சாப்பாட்டு ஆலோசனை கூட அவர்களுக்குக் கிடைக்காது.

பருத்தித்துறையில் ஒரு குசினி

சென்ற வருடம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தொடர்ந்து வரவில்லை. வீடு தேடிப் போனேன். கடற்கரையோரக் கடற்றொழிலாளர் குடும்பம். தகப்பன் திண்ணையில் கிடந்தார். அதே வயிறு, அதே தோள். அடுப்பில் கஞ்சி.

“மந்திகை ஆஸ்பத்திரியில டொக்டர் மீன் குடுக்கச் சொல்லுறார் சேர். மாமிதான் விடுறா இல்லை. மகோதரத்துக்கு மச்சம் ஆகாதாம்” என்றா அந்தப் பிள்ளையின் தாய்.

அந்த மூதாட்டியின் பக்கத்தில் போய் இருந்தேன். “அம்மா, நானும் என்ர வாப்பாவுக்கு உங்களை மாதிரித்தான் செய்தனான்” என்று தொடங்கி, நடந்ததைச் சொன்னேன். ஆய்வுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டொக்டரின் சொல்லைக் கேளுங்கோ என்று மட்டும் சொன்னேன். அவ கனநேரம் பேசவில்லை. பிறகு, “உப்பு?” என்று கேட்டா.

உப்புக் கட்டுப்பாடு அவ சொன்னதுபோலச் சரிதான் என்றேன். அவவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. எல்லாச் சமையலிலும் சேர்த்து நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், நம்மூர் வடை எல்லாம் கணக்கில் வரும். வாய்க்கு ருசிக்கத் தேசிக்காய், மிளகு, சீரகம், கறிவேப்பிலை இருக்கிறதே. உப்பைக் குறைத்ததால் சாப்பாடே குறைந்துவிடாமல் பார்க்க வேண்டும்.

மற்றபடி பருத்தித்துறைக்கு என்ன குறை? விடிய வள்ளத்தில் வரும் பச்சை மீன், நூறு கிராமில் இருபது கிராம் அளவு புரதம். ஒரு முட்டையில் ஆறு. ஒரு கோப்பைப் பாலிலும் ஏறக்குறைய அதே. பயறு, கடலை, பருப்பு, தயிர். ஒரேயடியாகச் சாப்பிட ஏலாது. வயிற்று நீர் இரைப்பையை அமுக்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தரம். படுக்கும்போது அவலும் பாலும், அல்லது இடியப்பமும் பாற்சொதியும். சீனி வருத்தம் உள்ளவர் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஈரலுக்கு நல்லதென்று கண்ட வேர், சூரணங்களை வைத்தியருக்குச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. சிலவற்றை ஈரல் தாங்காது.

இரண்டு மாதத்தின்பின் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வந்தாள். தகப்பன் எப்படி என்று கேட்டேன். “வயிறு அப்பிடித்தான் சேர். ஆனா இப்ப எழும்பி நடக்கிறார். அப்பம்மா தானே மீன் முள் எடுத்துத் தீத்துறா” என்றாள்.

அன்று பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கையில், வாப்பாவின் கடை இருந்த பக்கம் பார்த்தேன். அங்கே இப்போது வேறு கடை. அறியாமையால் செய்ததை அல்லாஹ் மன்னிப்பான் என்று நம்புகிறேன். அறிந்தபின்னும் பேசாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு சாட்டும் இல்லை. அதனால்தான் இக்கட்டுரை.